பறையும் அரசிதழும்

ஓர் ஊருக்கு விளக்கும் வடிகாலும் வேண்டுமென்றால் வரி வேண்டும். வரி வேண்டுமென்றால் ஊராரைக் கேட்கவேண்டும். இதைச் சட்டமாக எழுதிப் பார்த்த ஆரம்ப முயற்சி 1842ஆம் ஆண்டின் வங்காளச் சட்டம். வீட்டுக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விண்ணப்பித்தால்தான் அது ஓர் ஊரில் அமலாகும். ஒரே ஓர் ஊரில் அமலானது. அங்கும் மக்கள் வரி கொடுக்க மறுத்ததோடு, வசூலிக்க வந்த கலெக்டர்மீது அத்துமீறல் வழக்கும் தொடுத்தார்கள்.

1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் பொதுவானது. அதுவும் ஊராரின் விருப்பத்தையே நம்பியிருந்ததால், சென்னை மாகாணத்தில் பெரிதும் ஏட்டிலேயே நின்றது. 1865ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டம் அந்த விருப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. அதன்படி 1866இல் திருச்சிராப்பள்ளி நகராட்சியாயிற்று. பழைய கேள்வி 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டத்தில் வேறு உருவில் திரும்பியது: அரசு தன் உத்தேசத்தை முன்னதாக அறிவிக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் கெடுவுக்குள் எழுதித் தரலாம்.

எழுதித் தரலாம் என்ற சொல்லில்தான் சிக்கல். எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? வேப்பந்தட்டை அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பெரம்பலூர் தாலுகாவைச் சேர்ந்தது. இத்தகைய கிராமங்களுக்கு அரசிதழ் எட்டாது. சர்க்காரின் சேதி தண்டோராவாகத்தான் வந்தது. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசு யானைப் பிடரியில் ஏறி வருகிறது. நம் காலத்துப் பறையோ சேரியிலிருந்து நடந்து வந்தது. அதை அடித்தவர் ஏலமும் ஜப்தியும் கூட்டமும் ஊருக்கெல்லாம் சொன்னார். அவர் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா முறையைக் கைவிடச் சொன்னது; ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் போதும் என்றது. தாமதமாக வந்த நியாயம்.

வேப்பந்தட்டை வட்டத்தில் அரும்பாவூரும் பூலாம்பாடியும் பேரூராட்சிகள். வட்டத்தின் தலைமையிடமோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கிராமந்தான். தரம் உயர்வதை எல்லா ஊரும் வரமாக நினைப்பதில்லை. 2025 ஜனவரியில் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்க அரசு முனைந்தபோது, வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று தமிழகத்தின் பல கிராமங்கள் எதிர்த்தன. வீட்டு வரியைக் காட்டிலும் அந்தக் கூலியையே பெரிதாக எண்ணியவர்களில் பலர், முன்பு பறையடித்தவரின் தெருக்காரர்கள்.

அறிவிப்பு வெளியாயிற்றா என்று கோப்பு பார்த்துக்கொள்ளும். அந்தத் தெருவிலிருந்து பதில் வரும்வரை யாராவது காத்திருந்தார்களா என்பதை வரலாறுதான் கேட்கவேண்டும்.