தொட்டிலும் கட்டிலும்

மன்னர்தம் முடியாட்சியும் போர்க்களத்து வெற்றி தோல்விகளும் வரலாற்று நூல்களில் விரிவாக இடம் பெற்றுள்ளன. பிறந்த குழந்தை இரவில் எங்கே துயின்றது என்னும் செய்தி அந்நூல்களில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் முதன்முதலில் கடந்தாக வேண்டிய இரவுகள் அவையே. தாயின் கைக்கு எட்டும் தொலைவில் குழந்தை இருத்தல் வேண்டும். அதே வேளையில் அவளது உறக்கத்தின் பாரம் அதன்மீது விழாதிருத்தலும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்ற மனித இனம் மேற்கொண்ட முயற்சிகளின் தொகுப்பே தொட்டிலின் வரலாறு எனலாம். சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நமக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. கடையில் கட்டிலோரத் தொட்டில் ஒன்றை வாங்கத் தயங்கி நிற்கும் இளம் பெற்றோர்க்கு அது வழிகாட்டியும் ஆகும்.

இலக்கியம் காட்டும் தொட்டில்

'தால்' என்பது நாவைக் குறிக்கும் சொல். நாவை ஆட்டிப் பாடுதலின் தாலாட்டு ஆயிற்று என்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் காப்பு, செங்கீரை ஆகிய இரண்டையும் அடுத்து மூன்றாவதாக நிற்பது தாலப் பருவம். குழந்தையை உறங்க வைத்தலைத் தனியொரு பருவமாகவே வகுத்து இலக்கணம் கண்ட பெருமை நம் மொழிக்கு உண்டு.

பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில், பொன்னாற் செய்து மணிகள் இழைத்த சிறு தொட்டில் ஒன்றைப் பிரமன் அனுப்பி வைக்கிறான். ஆனால் அவரது திருமொழியின் தொடக்கத்திலேயே, பிள்ளையின் துடுக்கைத் தாங்க மாட்டாத தாய் வேறொரு தொட்டிலைப் பற்றிப் பேசுகிறாள். அதிற் கிடத்தினால், தொட்டில் கிழிந்து போகும்படி குழந்தை உதைக்கிறதாம். பொன் கிழிவதில்லை, மரமும் கிழிவதில்லை. கிழியக்கூடியது துணியே. எனவே வானுலகத்துத் தொட்டில் பொன்னாலும் ஆய்ப்பாடித் தொட்டில் துணியாலும் ஆயின என்று கொள்ள இடமுண்டு. ஆழ்வார் தம் காலத்து எளிய இல்லங்களில் கண்ட தூளியே அப்பாட்டில் ஆடுகிறது போலும்.

குலசேகராழ்வாரோ தேவகியின் நிலையில் நின்று, பெற்ற மகனைத் தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று புலம்புகிறார். பிள்ளை அருகில் இல்லாத இரவு தாய்க்கு எத்துணைக் கொடியது என்பதை அப்பதிகம் உணர்த்தும். அண்மை வேண்டும் என்பது தாய்மையின் முதற்கோரிக்கை. அந்த அண்மையே சில வேளை ஆபத்தாகவும் முடியும் என்பதுதான் தொட்டில் வரலாற்றின் மறுபக்கம்.

பிற நாடுகளில் நிகழ்ந்தவை

விவிலியத்தில் வரும் சாலமோன் மன்னனின் தீர்ப்பை நாம் அறிவோம். ஒரு குழந்தைக்கு இரு தாயர் உரிமை கோரினர். அவ்வழக்கு எழுந்ததற்குக் காரணம், அவர்களுள் ஒருத்தி உறக்கத்தில் தன் குழந்தையின்மீது படுத்துவிட, அது இறந்துபட்டமையே. அச்சம் அத்துணைப் பழமையானது. தொட்டிலும் பழமையானதே. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலையால் அழிந்த எர்க்குலேனியம் நகரின் அகழ்வில், கரியாகிப்போன மரத்தொட்டில் ஒன்று கிடைத்துள்ளது.

இத்தாலி நாட்டின் பிளாரன்சு நகரில் கருதத்தக்க கருவி ஒன்று வழங்கிற்று. அதன் பெயர் ஆர்குச்சியோ. குழந்தையின் மேல் கவிந்து நிற்கும் மரச்சட்டம் அது. செவிலி அருகில் படுத்தபடியே பாலூட்டுவதற்குப் பக்கத்தில் இடம் விடப்பட்டிருக்கும். அவள் உறக்கத்திற் புரண்டாலும் சட்டம் அவளைத் தாங்கும். குழந்தைக்குத் தீங்கு நேராது. இதனை விளக்கும் கடிதமொன்று 1732இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. பிளாரன்சில் செவிலியர் இதனைப் பயன்படுத்தாவிடின் திருச்சபையினின்றும் விலக்கப்படுவர் என்றும் அக்கடிதம் கூறுகிறது. குழந்தை தாயருகேயே இருக்கும், ஆயினும் தனக்கென ஓரிடத்தில் இருக்கும் என்னும் கருத்தை இக்கருவி அன்றே வடித்துத் தந்தது. இன்றைய கட்டிலோரத் தொட்டிலின் மூதாதை இதுவே என்று கூறின் மிகையாகாது.

அறிவு இருந்தும் வறுமை அதனை வீட்டிற்குள் விடுவதில்லை. தொழிற்புரட்சிக் காலத்துப் பிரித்தானிய நகரங்களில் ஒரே அறையில், ஒரே படுக்கையில் குடும்பம் முழுவதும் உறங்கிற்று. தண்டி நகரின் காவல்துறை மருத்துவர் தெம்பிள்மன், மூச்சடைத்து இறந்தனவாகக் கருதப்பட்ட 258 குழந்தைகளின் சாவுகளை ஆராய்ந்து 1892இல் கட்டுரை வெளியிட்டார். அவற்றுட் பெரும்பகுதி சனிக்கிழமை இரவுகளில் நிகழ்ந்தமையைக் கண்ட அவர், மதுவையும் இடநெருக்கடியையும் அறியாமையையும் காரணங்களாகச் சுட்டினார். 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், குடித்துவிட்டுக் குழந்தையுடன் படுத்து அதன் சாவுக்குக் காரணமாதலைக் குற்றமாக்கிற்று. அச்சாவுகளுள் பல தாயின் பிழையாலன்றி வேறு காரணத்தால் நேர்ந்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர் கருதினர். பிள்ளையை இழந்ததோடு பழியையும் சுமந்த அன்னையர் எத்துணைப் பேரோ!

கவிழ்த்தலும் மல்லாத்தலும்

இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டார் குழந்தையைத் தனியறைக்கு மாற்றினர். அதனோடு நில்லாது குப்புறக் கிடத்தவும் தொடங்கினர். குழந்தை வளர்ப்பில் பெரும்புகழ் பெற்ற மருத்துவர் இசுப்பாக்கின் நூலே 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில் அவ்வாறு அறிவுரை கூறிற்று. வாந்தி எடுத்தால் புரையேறாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். நலமாக உறங்கச் சென்ற குழந்தை காலையில் உயிரற்றுக் கிடக்கும் துயரத்திற்கு 1969இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கூடிய மாநாடு திடீர்ச் சிசு மரணம் என்று இலக்கணம் வகுத்தது. குப்புறக் கிடத்துதலே அதற்குப் பெருந்துணை செய்தது என்னும் உண்மை பின்னர் வெளிப்பட்டது. நெதர்லாந்து 1987இலும், பிரித்தானியா 1991இலும், அமெரிக்கா 1994இலும் மல்லாத்திப் படுக்க வையுங்கள் என்று நாடளாவிய பரப்புரை தொடங்கின. அந்நாடுகளில் இவ்வகை மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மருந்தின்றி, ஊசியின்றி, கிடத்தும் முறையை மாற்றியதால் மட்டுமே பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன.

இதற்கிடையே ஆய்வாளர் மற்றொன்றையும் கவனித்தனர். இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களில் இத்தகைய மரணம் குறைவாக இருந்தது. அவர்கள் குழந்தையைப் பெரும்பாலும் மல்லாத்தியே கிடத்தினர். தனியறையில் விடாது தம் அருகிலேயே வைத்துக்கொண்டனர். புலம்பெயர்ந்தோர் பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்ல இயலாத இவ்வழக்கங்கள், அயல்நாட்டு மருத்துவர்க்கும் பாடமாயின.

பாயினின்று மெத்தைக்கு

ஈண்டு நம் வீடுகளுக்குத் திரும்புவோம். ஊரில் உத்திரத்திலிருந்து தொங்கியது தூளி. ஏணை என்றும் அதனைக் கூறுவர். பலமுறை துவைத்துப் பதமாகிய பழைய நூற்சேலையே அதன் உடல். பகலில் அடுப்பங்கரையிலிருந்தே கயிற்றை இழுத்து ஆட்டலாம். இரவில் தாயும் சேயும் தரையிற் பாய் விரித்து அருகருகே படுத்தனர். தரை உறுதியானது, சமமானது. உருண்டு விழ உயரமில்லை. முகம் புதையப் பஞ்சும் இல்லை. தூளியை நாம் பாடினோம், பாயைப் பாடவில்லை. ஆயினும் இரவுதோறும் குழந்தையைக் காத்தது அப்பாயே.

டெல்லிக் கரோல்பாக்கிலும் மும்பை மாட்டுங்காவிலும் கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அவ்விரண்டும் நிலைக்கவில்லை. காங்கிரீட் கூரையில் உத்திரம் ஏது? மின்விசிறிக் கொக்கி குழந்தையின் பாரத்தோடு ஆடும் தூளிக்காக அமைக்கப்பட்டதன்று. வடநாட்டுக் குளிர், தரையில் படுக்க விடவில்லை. பாய் போய்க் கட்டில் வந்தது. கட்டிலின்மேல் மெத்தை வந்தது. மெத்தையின்மேல் கனத்த ரஜாய் வந்தது. அருகில் படுக்க வைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. பாயில் நலம் செய்த வழக்கம், மெல்லிய மெத்தையிலும் கனத்த போர்வைக்குள்ளும் அதே நலத்தைச் செய்யும் என்று எதிர்பார்த்தல் இயலாது. இதனை எடுத்துரைக்கும் பாட்டியோ ஆயிரம் கல் தொலைவில் ஊரில் இருக்கிறார்.

தூளியைப் பற்றியும் ஒரு சொல். கழுத்து நில்லாத பச்சிளங்குழவி வளைந்த துணிக்குள் கிடக்கையில் மோவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சுவழி குறுகக்கூடும் என்பர் மருத்துவர். தூளியில் விளையாடிய வளர்ந்த குழந்தைகள் சேலை கழுத்தில் இறுகி இறந்த நிகழ்ச்சிகளும் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆதலின் தூளி ஆடுமிடத்தில் விழித்த கண் ஒன்று உடனிருத்தல் வேண்டும். இராமுழுதும் உறங்குதற்கு அது ஏற்றதன்று.

தொட்டில் தேரும் முறை

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட அறிவுரை, குறைந்தது முதல் 6 மாதங்கள் பெற்றோர் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனிப்படுக்கையில் குழந்தை துயில வேண்டும் என்கிறது. கட்டிலோரத் தொட்டில் இதற்கு வாய்ப்பானது. அந்நாட்டில் அதற்கெனத் தனிப் பாதுகாப்பு விதிகள் 2014இல் நடைமுறைக்கு வந்தன. வாங்குவோர் நோக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, படுக்கை. அது சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். கையால் அழுத்தி எடுத்தால் குழி நில்லாதிருப்பது நன்று. தலைப்பக்கம் உயர்ந்து சாய்ந்த தொட்டில் கண்ணுக்கு இனியது, குழந்தைக்குத் தீயது. பல சாவுகளுக்குப் பின்னர் அத்தகைய 47 இலட்சம் தொட்டில்கள் 2019இல் அமெரிக்கச் சந்தையினின்று திரும்பப் பெறப்பட்டன. 2022ஆம் ஆண்டுச் சட்டம் சாய்வுத் தொட்டில்களையும் பக்கங்களிற் கட்டும் பஞ்சணைகளையும் அங்கு அறவே தடை செய்தது.

இரண்டாவது, இடைவெளி. தொட்டில் கட்டிலின் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்படல் வேண்டும். தொட்டிலுக்கும் பெரியோர் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கும் சந்து இருத்தலாகாது. பல நாள் அசைவில் பிணைப்பு தளரும்; எனவே இரவுதோறும் இழுத்துப் பார்த்தல் நலம். கட்டிலின் உயரத்திற்குப் பொருந்தாத தொட்டிலை மலிவு கருதி வாங்கிச் செங்கல்லோ பலகையோ வைத்து உயர்த்துதல் கூடவே கூடாது.

மூன்றாவது, கம்பிகள். பக்கச் சட்டங்களுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேற்பட்ட வெளி இருப்பின் உடல் நழுவித் தலை சிக்கும். அமெரிக்கா 1973இலேயே இவ்வளவை விதித்தது. பக்கத்தை மேலும் கீழும் இறக்கும் பழைய வகை மரத்தொட்டில்களின் விற்பனையை 2011இல் அந்நாடு நிறுத்தியது. உறவினர் அன்போடு தரும் பழைய தொட்டிலையும் இந்த அளவுகோலால் அளந்தே ஏற்றல் வேண்டும்.

நான்காவது, உள்ளே வைக்கும் பொருள்கள். தலை உருண்டையாகும் என்று வடபுலத்தில் வைக்கும் கடுகுத் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை ஆகிய எவையும் வேண்டா. குளிருக்கு உடையால் காப்பளிப்போம். ரஜாயை நாம் போர்த்துக்கொள்வோம். உறங்கும் குழந்தையின் கழுத்தில் கயிறோ மாலையோ இருத்தலும் தகாது.

இறுதியாக, கால எல்லை. குழந்தை புரளவோ கைகளை ஊன்றி எழவோ தலைப்பட்டதும், அல்லது செய்தவர் குறித்த எடையை எட்டியதும், கட்டிலோரத் தொட்டிலின் பணி முடிந்தது. பின்னர் உயர்ந்த சுவருடைய பெரிய தொட்டிலுக்கு மாற்றுதல் வேண்டும். பாலூட்டும் தாய் அயர்ந்து துயிலக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். சோபாவில் அமர்ந்து ஊட்டுகையில் கண்ணயர்தல் கட்டிலில் அயர்தலினும் பன்மடங்கு தீங்கானது. வீட்டிலுள்ள மற்றொருவர் விழித்திருந்து குழந்தையை வாங்கித் தொட்டிலிற் கிடத்துதல் தந்தைமார்க்கு உரிய கடமையாகும்.

இவற்றை வாங்கும் பொருள்வளம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. தாராவியின் சிறு வீட்டில் கட்டிலுக்கே இடமிராது. அங்கு வருந்த வேண்டுவதில்லை. தடித்த விரிப்பின்மேல் பாய் விரித்து, தாய்க்கு ஒரு பாயும் அதனை ஒட்டிக் குழந்தைக்குத் தனியொரு பாயும் அமைத்தால், தொட்டில் தரவேண்டிய நலத்திற் பெரும்பகுதி கிட்டும்.

பழையது என்பதற்காக ஒன்றைப் பற்றிக்கொள்ளவும் வேண்டா. புதியது என்பதற்காக ஒன்றை வாங்கிவிடவும் வேண்டா. தாயின் அண்மை, மல்லாத்திக் கிடத்தல், உறுதியான தளம் ஆகிய மூன்றும் நம் முன்னோர் இல்லங்களில் இருந்தவை. அவற்றை அறிவியல் இன்று மீண்டும் வற்புறுத்துகிறது. குழந்தைக்குத் தனியிடம் வேண்டும் என்னும் நான்காவது பாடத்தைப் பிற நாட்டார் கண்ணீர் சிந்திக் கற்றனர். நான்கையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், எந்த ஊரிலும் எந்த மாடிக் குடியிருப்பிலும் நம் தாலாட்டு அச்சமின்றி ஒலிக்கும்.