கடலைக் கடந்த சொல்



நம் புதுவை கடலை முகமாகக் கொண்ட நகரம். பிரெஞ்சுக் கப்பல்கள் கரைக்கு எட்டி நங்கூரமிட, சலங்குகள் ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய காலத்தை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். முற்காலத்தில் கப்பல் அடிவானங் கடந்தபின், மறுதுறை சேருமளவும் அதனிடமிருந்து யாதொரு செய்தியும் வாராது. அம்மௌனத்தைப் போக்கியது கம்பியில்லாத் தந்தி.

அதன் ஆற்றலுக்கு நம் கடலே சான்று. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, கார்ல் வான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், சென்னையின்மேற் குண்டு பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. சூரனை 'எம்டன்' என்னும் வழக்கு நம் பேச்சிற் புகுந்தது இதனாலேயாம். பிறர் தந்திப் பேச்சை ஒட்டுக்கேட்டுத் தான் வாய்திறவாதிருந்தது அதன் தந்திரங்களுள் ஒன்று. அக்டோபர் 28-ல் பினாங்கில் 'மூஸ்கே' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் அது மூழ்கடித்தது.

நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகளிலுள்ள தந்தி நிலையத்தை அழிக்கப் புகுந்தது. ஆயின், வீரர் கரையிறங்குமுன்னரே நிலையத்தார், அந்நியக் கப்பல் வந்துளதென அபயக்குரல் எழுப்பிவிட்டனர். ஏறத்தாழ 50 மைல் தொலைவில், படையேற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாயிருந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' அதனைக் கேட்டு விரைந்து வந்து தாக்கிற்று. எம்டன் அன்றே சிதைந்து கரைதட்டியது. பிறர் சொல்லைக் கேட்டு வாழ்ந்தது, பிறர் சொல்லாலேயே மாய்ந்தது!

சிட்னி அண்மையில் இருந்தமையாற் கேட்டது. பல்லாயிரம் மைலுக்கப்பால் இருப்போரை எட்டுவது எங்ஙனம்? விடை சிற்றலைகளிற் கிடைத்தது. கதிரவன் ஒளியால் மேல்வானில் மின்னேறிய அடுக்குகள் உள. சிற்றலைகள் அவற்றாற் கீழே வளைக்கப்பட்டு, நிலவுருண்டையின் வளைவைக் கடந்து தொலைவில் இறங்கும். 1924-ல் மார்க்கோனி தம் 'எலெத்ரா' மரக்கலத்தைப் பெய்ரூத்துத் துறையில் நிறுத்தி, இங்கிலாந்திலிருந்து 32 மீட்டர் அலையில் வந்த ஒலியைப் பட்டப்பகலிற் கேட்டார். பின்னர் 1948-ல் பிரான்சில் துலூசுக்கருகே எழுந்த சேன்-லீ நிலையம், 1998 வரை, உலகக் கடல்களிற் சென்ற மாலுமிகளைச் சிற்றலைவழி வீட்டாரோடு பேசவைத்தது. 1999 பெப்ரவரி முதல் செயற்கைக்கோள்களும் சேர்ந்த புதிய அபய ஏற்பாடு முழுமையாக நடப்பிலுள்ளது. அதிலும் சிற்றலைக்கு இடமுண்டு.

எனினும், கருவி பிறந்தது போதாது. கலத்தில் இருத்தல் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலிலிருந்த நம் தென்னாட்டு மீனவர் பலருக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை, மாண்டோர் பலர். ஆதலின், கடல்மேற் செல்லும் பிள்ளைகளையுடைய குடும்பத்தீர்! வலையையும் உணவையும் ஏற்றுமுன், நெடுந்தொலைவு பேசும் கருவி செவ்வையாயுளதா என்று கேளுங்கள். கேட்கும் செவியுள்ள கலமே கரை சேரும்.