ரூஃபினியாக் குகை

தென்மேற்குப் பிரான்சின் தோர்தோஞ் மாவட்டத்தில் உள்ள சுண்ணாம்புப் பாறைக் குகை. கிளைப் பாதைகளையும் சேர்த்தால் நீளம் சுமார் 8 கி.மீ. கம்பளி யானையான மாமூத்தின் உருவங்கள் இங்கே 150-க்கும் மேல் இருப்பதால் ‘நூறு மாமூத்துகளின் குகை’ என்றும் சொல்வார்கள்.

மனிதருக்கு முன் இங்கே குடியிருந்தவை குகைக் கரடிகள். குளிர்காலத் தூக்கத்துக்கு அவை பறித்த குழிகள் தரையெங்கும் கிடக்கின்றன. சுவர்களில் நகக் கீறல்கள். பின்னால் வந்த மனிதர் மாமூத்தோடு காட்டெருமை, குதிரை, வரையாடு, கம்பளிக் காண்டாமிருகம் எல்லாவற்றையும் வரைந்தனர். எப்போது என்பதில் உறுதியில்லை. கரியால் வரைந்திருந்தால் கார்பன் முறையில் கணக்கிட்டிருக்கலாம். பயன்பட்டதோ மாங்கனீசுக் கனிமம். பாணியை வைத்து 13,000 முதல் 14,000 ஆண்டுகள் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

‘பெருங்கூரை’ எனப்படும் பகுதியில் தரைக்கும் கூரைக்கும் அன்று ஒரு மீட்டர் அளவே இடைவெளி. மல்லாந்து படுத்துத்தான் வரைந்திருக்க வேண்டும். வரைந்தவராலேயே தம் மாமூத்தை முழுதாக ஒரு பார்வையில் பார்த்திருக்க முடியாது.

குகை பற்றிய முதல் எழுத்துச் சான்று 1575-இல்தான். ஃபிரான்சுவா தெ பெல்ஃபொரே தம் நூலில் இக்குகையில் ஓவியங்களும் விலங்குத் தடங்களும் இருப்பதாகக் குறிக்கிறார். அவர் சொன்னது இதே ஓவியங்களைத்தானா என்று திட்டமாகச் சொல்வதற்கில்லை. பிறகு வந்தவர்கள் புகைக்கரியால் கூரையில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள்.

1956 ஜூனில் லூயி-ரெனே நூழியே, ரோமேன் ரொபேர் என்ற ஆய்வாளர்கள் ஓவியங்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். உடனே சண்டை மூண்டது. குகைக்குப் பல முறை வந்துபோன குகையேறிகள் சிலர், முன்பு இந்தப் படங்கள் இல்லவே இல்லை என்றார்கள். உலகப் போரின்போது ஜெர்மானியரை எதிர்த்த போராளிகள் குகையில் ஒளிந்திருந்ததால், அவர்களில் யாரோ பொழுதுபோகாமல் கிறுக்கியது என்ற சந்தேகமும் கிளம்பியது. பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் ‘மாமூத் போர்’. குகை ஓவிய ஆய்வில் மூத்தவரான பாதிரியார் ஆன்ரி ப்ரெய் நேரில் பார்த்து, பழமையானவையே என்று சான்று தந்தார். படங்களின் மேலேயே பழைய பெயர்க் கிறுக்கல்கள் ஓடுவதும் அவர் பக்கம் நின்றது. மாமூத்தின் வாலடியில், குளிர் புகாமல் மலவாயை மூடும் தோல் மடலைக்கூட ஓவியர் விடவில்லை. உயிருள்ள விலங்கை அருகில் நின்று பார்த்த கண் அது. ஆனாலும் முணுமுணுப்பு அடங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இந்தக் கூச்சலில் கவனம் பெறாமல் போனவை விரல் கோடுகள். மென்மையான சுவரில் விரல்களைப் பதித்து இழுத்த, வளைந்தோடும் இணைகோடுகள். சிலர் இவற்றைப் பாம்புகளாகப் பார்த்தார்கள். கெவின் ஷார்ப், லெஸ்லி வான் கெல்டர் இருவரும் வேறு வழியில் போனார்கள்: நடு மூன்று விரல்களின் தட அகலத்தை இக்கால மனிதரின் விரல்களோடு ஒப்பிட்டார்கள். அகலம் 34 மி.மீ.க்கு மிகாவிட்டால் அது ஏறக்குறைய ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கை. 2006-இல் முடிவுகள் வெளியாயின. அப்படிப்பட்ட சின்னஞ்சிறு கோடுகள் சில, எட்டாத உயரத்தில், கூரையில் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், அல்லது தோளில் ஏற்றியிருக்க வேண்டும். கோடு நீள்கிற தூரமெல்லாம் அவர் விளக்கொளியில், கரடிக்குழிகளில் கால் இடறாமல், குழந்தையைச் சுமந்து நடந்திருப்பார். அம்மாவா, மாமனா, அண்ணனா என்பதற்குத் தடயம் இல்லை. அது சடங்கு என்பாரும் உண்டு, விளையாட்டு என்பாரும் உண்டு.

2011-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஜெசிக்கா கூனி, குழந்தைகளில் அதிகம் கோடு இழுத்தது ஐந்து வயதுச் சிறுமி என்றார். விரல் வடிவை வைத்துப் பாலினம் சொல்லும் முறையை எல்லோரும் ஏற்கவில்லை.

1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வெஸேர் பள்ளத்தாக்கு இடங்களில் இதுவும் ஒன்று. 1959 முதல் சிறிய மின்ரயிலில் ஏற்றிக் காட்டுகிறார்கள். உள்ளே ஆண்டு முழுதும் சுமார் 13 டிகிரி. கோடையில் போனாலும் ஸ்வெட்டர் தேவைப்படும்.