ஆடு இழுத்த வண்டி ஆனேக்கலுக்கு வந்த கதை

அக்கா மகளுக்கு வளைகாப்பு முடிந்த மறுவாரம் சந்தாபுரா போயிருந்தேன். ஆனேக்கல் தாலுகாவில் ஓசூர் ரோட்டை ஒட்டி வரிசையாக எழும்பியிருக்கும் அடுக்ககங்களில் ஒன்றில், ஏழாவது மாடி. மாப்பிள்ளைக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. காப்பியைக் கொடுத்த கையோடு கைப்பேசியை நீட்டினாள்.

"மாமா, இந்த வண்டி எப்படி இருக்கு? அறுபத்திரண்டாயிரம்தான்."

அந்த 'தான்' என்னைக் கொஞ்சம் உலுக்கியது. நான் வாங்கிய முதல் மோட்டார் சைக்கிளின் விலை அதைவிடக் குறைவு. அதுவும் பெட்ரோல் ஊற்றினால் தானே ஓடும்; இந்தக் குழந்தை வண்டியை நாம்தான் தள்ள வேண்டும்.

"பொறக்கறதுக்கு முந்தி ஒண்ணும் வாங்கக் கூடாதுடி" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"வாங்கலைம்மா, விஷ் லிஸ்ட்லதான் போட்டு வெச்சிருக்கேன்."

சம்பிரதாயத்தில் விஷ் லிஸ்ட்டுக்குத் தடை உண்டா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. அந்த வண்டி யாருக்காக, எந்த மாதிரித் தெருவுக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு பேசலாம் என்று வந்துவிட்டேன்.

அது பிறந்தது தெருவிலேயே இல்லை. 1733-ல் இங்கிலாந்தில் மூன்றாம் டெவன்ஷர் பிரபு, தன் பிள்ளைகள் ஏறி விளையாட ஒரு வண்டி வேண்டும் என்று வில்லியம் கென்ட்டைக் கேட்டார். மாளிகைகளும் தோட்டங்களும் வடிவமைத்துப் பெயர் வாங்கியவர் கென்ட். சிப்பி வடிவில் இருக்கை செய்து, பிரபுவின் குலச்சின்னமான பாம்பை அதில் வளைத்து வைத்தார். இழுப்பதற்கு ஓர் ஆட்டையோ மட்டக்குதிரையையோ பூட்டிக்கொள்ளலாம். அந்த வண்டி ஓடியது பிரபுவின் சொந்தத் தோட்டத்துச் சமதரைப் பாதையில். குழந்தையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலையே இல்லை. காசு பெறுமா என்று யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

நம்மிடம் இது இல்லாமலா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிக்கொண்டு போகிறார்கள். காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதுக்குழையைக் கழற்றி எறிய, அது வழியில் கிடந்து தேரை மறிக்கிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே ஒன்று உண்டு. ஆனால் இந்தத் தேர்களையெல்லாம் ஓட்டியது குழந்தை. குழந்தையை உட்காரவைத்துப் பெரியவர்கள் தள்ளும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. நமக்கு இடுப்பு இருந்தது, தூளி இருந்தது, தூக்குவதற்கு வீடு நிறைய ஆள் இருந்தது.

இழுப்பதைத் தள்ளுவதாக மாற்றியவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் பர்ட்டன். 1848 வாக்கில் நியூயார்க்கில் அவர் தள்ளும் வண்டி செய்தார். தள்ளத் தெரியாதவர்கள் தெருவில் போகிறவர்கள் காலிலெல்லாம் மோத, ஊரே முணுமுணுத்தது. பர்ட்டன் லண்டனுக்குக் கப்பலேறி, 1853-ல் அங்கே காப்புரிமை வாங்கினார். விக்டோரியா மகாராணி வாங்கினார், ஸ்பெயின் ராணி வாங்கினார், பிறகு வசதியுள்ள எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. வண்டிக்கு 'பெராம்புலேட்டர்' என்று பெயர். சுருங்கி 'பிராம்' ஆனது.

அந்தப் பெயர் நம் பக்கத்து மண்ணுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். நீளக் கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரத்தை உருட்டி, அது எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சாலையின் தூரத்தை அளப்பார்கள் கிழக்கிந்தியக் கம்பெனி சர்வேயர்கள். அந்தக் கருவிக்கும் பெராம்புலேட்டர் என்றுதான் பெயர். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டை அளக்கப் புறப்பட்டார் காலின் மெக்கன்சி. அடுத்த ஆண்டே பெங்களூருக்குப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு அளந்தார் இன்னொரு சர்வேயரான லாம்ப்டன். ரோட்டை அளக்கும் சக்கரத்தின் பெயரே குழந்தை வண்டிக்கும் வாய்த்தது. இன்றைக்கும் அது போகிற இடத்தில் ரோட்டை அளக்கத்தான் செய்கிறது. குழி எத்தனை, மேடு எத்தனை என்று தள்ளுகிறவர் மணிக்கட்டு கணக்குச் சொல்லிவிடும்.

1877-ல் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ், பிராமை ஒரு குட்டி சாரட்டாகவே ஆக்கியது. பெரிய ஆரச் சக்கரம், வில், பளபளக்கும் உடல். அரச குடும்பத்துப் பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். அந்த மாதிரி வண்டி இன்றும் கிடைக்கிறது. ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும். அதற்கு அகலமான நடைபாதை வேண்டும், நிறுத்தி வைக்கத் தனி அறை வேண்டும், தள்ளுவதற்குச் சம்பளத்துக்கு ஓர் ஆயா வேண்டும். மூன்றும் உள்ள வீட்டில் பிறந்த வண்டி அது.

1889-ல் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பின அமெரிக்கர், குழந்தை தாயைப் பார்த்தபடியும் தெருவைப் பார்த்தபடியும் இருக்கையைத் திருப்பி வைக்கும்படி ஒரு மூட்டைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்கா மகள் காட்டிய அந்த அறுபத்திரண்டாயிரத்தின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த அதிசயம் இதுதான். நூற்று முப்பது ஆண்டு பழைய சமாசாரம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் ஓவன் மெக்லாரன். சோதனை விமானி, விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக்கால் அமைப்பில் வேலை செய்தவர். 1960-களில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து மகள் பேரக்குழந்தையோடு விமானத்தில் வந்தாள். கூடவே ஒரு கனத்த தள்ளுவண்டி. மடியாது, தூக்கவும் முடியாது. குழந்தையைத் தூக்குவதா வண்டியைத் தூக்குவதா என்று மகள் படும் பாட்டைத் தாத்தா பார்த்தார். பறக்கும்போது சக்கரத்தை மடித்து வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் விமானத்தோடு காலம் கழித்த மனிதருக்கு வேறு யோசனையா வரும்? அலுமினியக் குழாய்களைக் குறுக்காகப் பூட்டி, குடைபோலச் சுருங்கும் ஒரு வண்டி செய்தார். எடை மூன்று கிலோவுக்கும் கீழே. 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1967-ல் தன் வீட்டுப் பழைய லாயத்தில் வைத்தே முதல் ஆயிரம் வண்டிகளைச் செய்தார். பத்து வருடத்துக்குள் ஆண்டுக்கு ஆறு லட்சம் போனது.

இந்த வண்டியின் வரலாற்றில் தள்ளுகிற தாயை நினைத்துச் செய்த முதல் பெரிய மாற்றம் இதுதான் என்பது என் எண்ணம். அதற்கு முந்தியவை உள்ளே இருப்பவர் அந்தஸ்தை ஊருக்குக் காட்டின. பஸ், ரயில், படிக்கட்டு என்று ஆயா இல்லாத பெண் ஒருத்தி ஒற்றைக் கையால் சமாளிக்கிறாள் என்பதை மெக்லாரன்தான் கணக்கில் எடுத்தார். மிகப் பெரிய முன்னேற்றம் வண்டியை மலிவாக்கியது என்பதையும் கவனியுங்கள்.

மீண்டும் விலை ஏறியது பிறகு. 1984-ல் அமெரிக்காவில் ஃபில் பேச்லர், குழந்தையோடு ஓட்டப் பயிற்சிக்குப் போவதற்காக சைக்கிள் சக்கரம் மூன்று வைத்து ஒன்று செய்தார். கரடுமுரடான தரைக்கு ஏற்றது அது. 1994-ல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் மாக்ஸ் பாரன்பர்க் என்ற மாணவர், டிசைன் படிப்பின் இறுதித் தேர்வுக்காக வரைந்த வண்டி 1999-ல் 'புகாபூ' என்று கடைக்கு வந்தது. 2002-ல் 'செக்ஸ் அண்ட் த சிட்டி' தொலைக்காட்சித் தொடரில் அது தலைகாட்டியதும் நியூயார்க் பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கென்ட்டின் சிப்பி வண்டி மறுபிறவி எடுத்தது. ஆடு மட்டும் இல்லை.

இனி ஆனேக்கல்.

சக்கரத்தைப் பற்றி இந்தத் தாலுகாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரைக்குச் சுற்றுப்பட்ட கிராமங்கள் நூறு அடிக்கு மேல் உயரமாகத் தேர் கட்டி, மாடும் டிராக்டரும் பூட்டி வயல் வழியாக இழுத்து வருகின்றன. 2024-ல் ஒன்று சாய்ந்தது. 2025 மார்ச்சில் காற்றிலும் மழையிலும் மறுபடி சாய்ந்து உயிர்கள் போயின. உயரம் கூடக் கூட, எடை மேலே ஏற ஏற, சின்னக் குலுக்கலும் தேரைக் கவிழ்க்கும். குழந்தை வண்டியிலும் அதே கணக்குதான்: கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டிவிட்டுக் குழந்தையை வெளியே எடுத்தால் வண்டி பின்பக்கம் மல்லாந்து விழும். குழந்தை உள்ளே இருக்கும்போதும் பை கனமானால் விழும்.

ஆனேக்கல் பேட்டைக்குள் அந்த வண்டியைத் தள்ளிப் போவதை நினைத்துப் பார்த்தேன். சாக்கடையை மூடிய கற்பலகைகளுக்கு நடுவே கையளவு சந்து. நடைபாதை இருக்கும் இடத்தில் ஸ்கூட்டர் நிற்கும், அது இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். சின்னச் சக்கரத்துக்கு இரண்டு விரல்கட்டை உயரமே சுவர். பெரிய சக்கரம் ஏறிவிடும். அப்படியானால் நம் ரோட்டுக்குத்தானே பெரிய சக்கரமும் ஸ்பிரிங்கும் வைத்த விலையுயர்ந்த வண்டி வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் பெரிய சக்கரம் குழியில் ஏறி இறங்கலாம், நிறுத்திய லாரியின் மேல் ஏறி இறங்க முடியாது. நடைபாதை முடிந்து சாலையில் இறங்க வேண்டிய இடத்தில் நாலாயிரத்து வண்டியும் லட்ச ரூபாய் வண்டியும் ஒரே ஆபத்தில்தான் நிற்கின்றன.

இன்னொன்று உண்டு. வண்டியில் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கு, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே, புகைக்குழாயின் உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பிராமில் போகும் குழந்தைக்குப் பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிக மாசு போய்ச் சேரலாம். அது இங்கிலாந்துச் சாலை. பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் கன்டெய்னர் லாரிகள் நடுவே இடுப்பில் இருக்கும் குழந்தை ஓரிரு அடி கூடுதல் உயரத்தில் இருப்பதே லாபம். வெயிலுக்கு மறைப்பாக வண்டி மேல் துணியைப் போர்த்தும் பழக்கமும் வேண்டாம். உள்ளே சூடு கட்டிக்கொள்ளும்.

அப்படியானால் இந்த வண்டி இங்கே எங்கேதான் ஓடும்? அடுக்ககத்து கேட்டுக்குள் ஓடும். மால், ஏர்போர்ட், 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்த மெட்ரோவின் லிப்டு, இங்கெல்லாம் ஓடும். எல்லாமே வழவழப்பான தரை. வழவழப்பான தரைக்கு ஸ்பிரிங் எதற்கு? மெக்லாரனின் குடை வண்டிதான் வேண்டும், அதன் வாரிசுகள் ஏழெட்டாயிரத்துக்கே கிடைக்கின்றன. முதல் ஆறு மாதம் மட்டும் குழந்தையை மட்டமாகப் படுக்கவைக்கும் வசதி தேவை. வெறும் குடை வண்டி அதற்கு ஆகாது. இரட்டைக் குழந்தைக்காரர்களும், ஆபரேஷன் ஆகித் தூக்க முடியாமல் தனியாகக் கிடக்கும் அம்மாக்களும் கூடக் கொஞ்சம் செலவழித்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

விலை ஏறினால் பாதுகாப்பு ஏறும் என்பதும் முழு உண்மையில்லை. 2009-ல் மெக்லாரன் நிறுவனமே அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு மடிப்பு மூட்டை மூடும் உறை கொடுக்க வேண்டி வந்தது. பன்னிரண்டு குழந்தைகளின் விரல் நுனி அந்த மூட்டில் துண்டாகியிருந்தது. தாத்தாவின் அருமையான மடிப்பேதான் வினையும் ஆனது.

அக்கா மகளுக்கு நான் கேட்ட கேள்வி வேறு. "உங்க கார்ல குழந்தைக்கு சீட் இருக்கா?" இல்லை. குழந்தை மடியில் உட்கார்ந்து வரும் என்றாள். ஓசூர் ரோடு என்பது தேசிய நெடுஞ்சாலை 44. அம்மா வீட்டுக்கு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி அந்த வழியாகத்தான் போக வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. சட்டம் கிடக்கட்டும், பிரேக் அடித்தால் மடி தாங்காது.

என் தீர்ப்பு இது: அறுபத்திரண்டாயிரம் வேண்டாம். அதில் பாதிக்கும் குறைவான பணத்துக்கு நல்ல கார் சீட்டும் மடிக்கிற வண்டியும் இரண்டுமே வந்துவிடும். தூளிக்குப் பழைய பருத்திப் புடவை அக்காவிடம் நிறைய இருக்கிறது.

நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஆன்லைனில் படம் பார்த்து வாங்காதீர்கள். கடைக்குப் போங்கள். பெல்ட் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிறதா, பிரேக் போட்டால் அசையாமல் நிற்கிறதா, மடியும் மூட்டில் விரல் நுழைகிறதா பாருங்கள். கடைசியாக, ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை இடது தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையால் மட்டும் வண்டியை மடியுங்கள். மடியவில்லை என்றால், எந்த விலையானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.