கைரேகை வகைப்பாட்டை உருவாக்கிய இரு இந்தியர்கள்

குற்றவாளிகளை அடையாளம் காண உலக நாடுகளின் காவல்துறைகள் பல்லாண்டுகள் பின்பற்றிய கைரேகை வகைப்பாடு, ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அறியப்படுகிறது. எனினும், அதனை வகுத்ததில் பெரும்பங்கு அவரிடம் பணியாற்றிய வங்காளக் காவல்துறையின் உதவி ஆய்வாளர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோருடையது.

வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவைப் பெற்றார். ஆனால், ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒன்றை விரைந்து தேடி எடுக்க வழியில்லாதிருந்தது.

இதற்குக் கணிதத்தின் மூலம் தீர்வு கண்டவர் ஹக். பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரித்து, சுழி வடிவ ரேகை உள்ள விரல்களுக்கு எண் மதிப்பு அளித்ததால், பதிவுகள் அனைத்தும் 1,024 பிரிவுகளுக்குள் அடங்கின. கைரேகை விவரங்களைத் தந்தி வழியே அனுப்புவதற்கான குறியீட்டு முறையைப் போஸ் உருவாக்கினார்.

1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, ஜல்பாய்குரி தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை வழக்கில், பஞ்சாங்கத்தில் படிந்திருந்த ரத்தக்கறை ரேகை, முன்பு தண்டனை பெற்ற பணியாளர் ஒருவரின் பதிவோடு பொருந்தியது. அவரைத் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டித்த நீதிமன்றம், ரேகையை மட்டும் கொண்டு கொலைக் குற்றத்தை உறுதிசெய்யவில்லை.

1901-இல் இம்முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டை எட்டியது. ஹக்கின் பங்களிப்பை ஹென்றி பிற்காலத்தில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்கள் முறையே ஹக், போஸ் இருவருக்கும் கிடைத்தபோதும், வகைப்பாட்டின் பெயர் இன்றுவரை மாறவில்லை.