பொடக்காலியிலிருந்து படுக்கையறைக்கு

படுக்கையறையை ஒட்டியே குளியலறை, அதனுள்ளேயே கழிப்பறை. கோவையில் இன்று வீடு கட்டுவோர் பலரும் வரைபடத்தில் முதலில் தேடுவது இதைத்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் இப்படியொரு வரைபடத்தை நீட்டியிருந்தால் வீட்டார் முகம் சுளித்திருப்பர். அதில் நியாயமும் உண்டு. ஏன் என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டில் வசதியுள்ள குடும்பங்கள் தொட்டிக்கட்டு வீடுகளில் வாழ்ந்தன. நடுவே வானம் பார்த்த வாசல், அதனை ஒட்டி ஆசாரம். அறை என்பது பெரும்பாலும் தானியத்துக்கும் பெட்டி பேழைகளுக்குமே. ஆண்கள் திண்ணையிலோ களத்திலோ கயிற்றுக் கட்டிலில் உறங்கினர்; பெண்களும் குழந்தைகளும் ஆசாரத்தில் பாய் விரித்தனர். குளிப்பது, அதாவது கொங்கு வழக்கில் ‘தண்ணி வாக்கறது’, பொடக்காலியில் சேந்துகிணற்றின் அருகே. வழிந்த நீர் வாழைக்குப் போயிற்று. மற்றதற்குக் காடு இருந்தது.

இதற்குக் காரணம் பழக்கம் மட்டுமா? இல்லை, தண்ணீரும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. கிணறுகளோ பாறையைக் குடைந்து வெட்டிய ஆழக் கிணறுகள். பழைய பாணித் தண்ணீர்த் தொட்டி ஒருமுறை இழுத்தால் 12.5 லிட்டரைக் கொட்டிவிடும். 30 மீட்டர் ஆழத்திலிருந்து அந்நீரைச் சேந்த ஏறத்தாழ 3,700 ஜூல் வேலை செய்ய வேண்டும். ஐந்து பேர் ஆளுக்கு இருமுறை என்றால் நாளைக்கு 125 லிட்டர், பன்னிரண்டு குடத்துக்கு மேல்! சேந்துபவர்கள் வீட்டுப் பெண்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நகரத்தில் காடு ஏது? 1866இல் நகராட்சியான கோவையிலும், மற்ற ஊர்களைப் போலவே, எடுப்புக் கழிப்பிடங்கள் இருந்தன. மனையின் கடைக்கோடியில் சிறு அறை. சந்தைப் பார்த்த பக்கம் ஒரு திறப்பு. தினமும் ஒரு மனிதர் அவ்வழியே வந்து மலத்தை எடுத்துச் சென்றார். பழைய தெருக்களின் பின்னால் காணும் குறுகிய சந்துகள் பல இதற்காகவே விடப்பட்டவை. வீட்டின் உள்ளமைப்பை இங்கே வகுத்தது சாதிதான்: அந்த மனிதர் வீட்டுக்குள் வரக் கூடாது, ஆதலால் கழிப்பறையும் வீட்டுக்குள் வரக் கூடாது. கட்டடக் கலை நூல்கள் இதைச் சொல்லத் தயங்குவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் நோய் பலமுறை தாக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அந்நாளை நினைவூட்டுகின்றன. நோயைப் பரப்புவது எலியின் தெள்ளுப்பூச்சி என்று 1898இலேயே சைமண்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டியிருந்தார். எனினும் நெருக்கமே பகை என்ற அச்சம் நகர்களை விரிவாக்கத் தூண்டியது. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. கோவையின் இரத்தினசபாபதிபுரம் அகன்ற, நேரான தெருக்களோடு எழுந்தது.

அப்பெயருக்குரிய நகரசபைத் தலைவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் சிறுவாணித் திட்டத்துக்கும் பாடுபட்டவர். சிறுவாணி நீரைக் கொணர வேண்டும் என்று சே. ப. நரசிம்மலு நாயுடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வற்புறுத்தி வந்தார். 1930ஆம் ஆண்டையொட்டி அந்நீர் மலையிறங்கி ஊருக்குள் வந்தது. குழாய் சென்ற இடமெல்லாம் குளியலறையும் சென்றது.

ஆனால் கழிப்பறை உள்ளே வரத் தண்ணீர் மட்டும் போதாது. நாற்றம் வராதிருக்க வேண்டும். அந்த வித்தையை 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி பதிவு செய்திருந்தார். குழாயைப் பாம்புபோல் வளைத்தார், அவ்வளவுதான்! வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாயு அதைத் தாண்டி வர முடியாது. இதற்கு நீரடைப்பு என்று பெயர். ஐந்து சென்டிமீட்டர் நீர் காவல் காக்கிறது. குழாயில் வேகமாக நீர் பாயும்போது இந்த நீரும் உறிஞ்சப்பட்டுப் போகலாம். அதனால்தான் கூரைக்கு மேல் ஒரு காற்றுக் குழாய் நீட்டுகிறார்கள். இந்தியாவில் பின்னர் சரிவு மிகுந்த பீங்கானும் இரண்டு சென்டிமீட்டர் நீரடைப்பும் கொண்ட அமைப்பு உருவாயிற்று. அதற்கு ஒரு சிறு வாளி, இரண்டு லிட்டர் போதும். சேந்துகிணற்று வீட்டுக்கும் அது கட்டுப்படியாகும்.

இனி வரைபடத்தை நீங்களே படிக்கலாம். இரு படுக்கையறைகளின் குளியலறைகள் ஏன் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன? மாடிக் குளியலறை ஏன் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வருகிறது? பத்து சென்டிமீட்டர் கழிவுக்குழாய் 40 அடி ஓடினால் ஓரடி இறங்க வேண்டும். தொலைவு கூடினால் சரிவுக்கு இடமிராது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்றையும் மறக்கலாகாது. குளியலறையை மேற்கே வைத்தால் அதன் ஈரமும் வாடையும் படுக்கைக்கு வரும். கிழக்கே வைத்தால் வெளியேறும்.

எடுப்புக் கழிப்பிடம் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், தக்க காப்புச் சாதனமின்றி மனிதரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதையும் தடுக்கிறது. ஆயினும் தொட்டிகளில் இறங்கி உயிரிழப்போர் பற்றிய செய்தி இன்றும் வருகிறது. கழிவுநீர்த் தொட்டியை வீட்டின் பின்மூலையில் ஒளித்து வைப்பது பழைய வழக்கத்தின் மிச்சம். லாரியின் உறிஞ்சு குழாய் அங்கே எட்டாது. தெருப்பக்கமாக, கிணற்றுக்குத் தள்ளி, மூடியைத் திறக்க வசதியாக அதை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.