கீற்றின் உலா

நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேசுவரரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் ஒரு காதில் தெலுங்கு விழும், மறு காதில் தமிழ் விழும். எல்லையோர ஊர்களின் கணினித் திரையும் அதே மாதிரிதான். ஒரு டேபில் திருமலை தரிசன டிக்கெட், அடுத்ததில் மீபூமி நிலக்கணக்கு, மூன்றாவதில் சென்னையிலிருந்து வெளிவரும் நாளிதழ். ஒன்றை மூடாமலே இன்னொன்றுக்குப் போக வழிவிடும் அந்தச் சின்னக் காதுகளை நாம் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் டேப் கணினியில் பிறந்ததல்ல. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் சீட்டுக்கட்டில் போய் நிற்போம்.

பிரெஞ்சுப் புரட்சி தேவாலயங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது, லட்சக்கணக்கான புத்தகங்களும் அரசின் கைக்கு வந்தன. அவற்றுக்கு 1791இல் நாடு முழுவதற்குமாக ஒரு பட்டியல் எடுக்க ஆணை பிறந்தது. எழுத அட்டைக்கு எங்கே போவது? அந்தக் காலச் சீட்டுகளின் பின்புறம் வெறும் வெள்ளையாக இருக்கும். ராஜா, ராணியின் முதுகிலேயே நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் எழுதினார்கள். கலைக்கலாம், அடுக்கலாம், நடுவில் புதிதாக ஒன்றைச் செருகலாம். தைத்த பேரேட்டில் இதெல்லாம் நடக்காது. நூலக அட்டை உருவான கதைகளில் இது முக்கியமானது.

அட்டைகள் பெருகப் பெருக வேறொரு தொல்லை முளைத்தது. ஆயிரம் அட்டைக்கு நடுவே வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? மெல்வில் டூயி அமெரிக்காவில் தொடங்கிய 'லைப்ரரி பீரோ' நிறுவனம் நூலகங்களுக்கு அட்டையும் பெட்டியும் விற்றுவந்தது. அங்கே வேலை செய்த ஜேம்ஸ் நியூட்டன் கன், அட்டையின் தலையில் மட்டும் ஒரு சிறு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும்படி வடிவமைத்தார். அதில் ஓர் எழுத்தோ எண்ணோ இருந்தால் போதும், விரல் நேராக அங்கே போய் நிற்கும். 1896இல் அவர் கேட்ட காப்புரிமை மறு ஆண்டே கிடைத்தது. வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் இந்த அட்டைப் பெட்டிகளை வாங்கிக் குவித்தன. நூலகத்துக்கென்று பிறந்த பொருள் வணிகரின் மேசையில் குடியேறியது.

இந்தியாவுக்கு அந்த அட்டை மரபைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, அமெரிக்க நூலகர் வில்லியம் போர்டன். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அழைத்ததன் பேரில் 1910இல் வந்து, அந்தச் சமஸ்தானத்தின் நூலகங்களைச் சீரமைத்தார். தெற்கே அந்த வேலையை எடுத்துச் செய்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவருடைய இடைவிடாத முயற்சியால் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். அன்றைய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்ததால் நாராயணவனமும் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இருந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது மாவட்டம் அந்தப் பக்கம் போனது.

காகித டேப் கண்ணாடித் திரைக்குள் நுழைந்தது 1980களில். 1982இல் வெளிவந்த 'வேர்ட்விஷன்' என்ற எழுத்துச் செயலியே விற்பனைக்கு வந்தவற்றில் முதலாவதாக இருக்கலாம் என்பார்கள். 1988இல் டான் ஹாப்கின்ஸ் ஓர் ஈமேக்ஸ் தொகுப்பிக்கு டேப் வைத்தார். 1992இல் போர்லாண்டின் 'குவாட்ரோ புரோ' விரிதாள், தாள்களின் அடியில் டேப் தொங்கவிட்டது. மறு வருடமே மைக்ரோசாஃப்ட் எக்செலிலும் அது வந்துவிட்டது. கணக்குப் பிள்ளைகளுக்கு இன்று அது இல்லாமல் பொழுது விடியாது.

இணையத்துக்கு அதை முதலில் எடுத்துச் சென்றது புக்லிங்க் என்ற சிறு நிறுவனம். 1994இல் அது வெளியிட்ட 'இன்டர்நெட்வொர்க்ஸ்' உலாவியில் டேப் இருந்தது. அதே ஆண்டு ஏஓஎல் நிறுவனம் சுமார் 3 கோடி டாலர் மதிப்புக்குப் புக்லிங்கையே வாங்கிவிட்டது. வாங்கிய கைகளுக்கு டேபின் அருமை தெரியவில்லை, அது ஓரங்கட்டப்பட்டது. நல்ல யோசனை தோன்றினால் மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

1997இல் அப்படி ஓர் ஆள் கிடைத்தார். ஆடம் ஸ்டைல்ஸ் என்ற நிரலர், மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஞ்சினையே கடன் வாங்கி, அதன் மேல் டேப் வைத்துப் பிறகு 'நெட்கேப்டர்' என்ற பெயரில் விற்றார். சீனாவில் ஒருவர் எழுதி, பாதியில் கைவிட்ட இதேபோன்ற நிரலை வேறொருவர் எடுத்து வளர்த்தார்; அது 'மேக்ஸ்தான்' ஆனது. 2001இல் டேவ் ஹையட் என்ற நிரலரின் கைவண்ணத்தில் மோசில்லா உலாவிக்கு டேப் வந்தது. அடுத்த ஆண்டு ஹையட் ஆப்பிளில் சேர்ந்தார்; 2003இல் அதன் சஃபாரி உலாவியிலும் டேப் முளைத்தது. யோசனைகள் மனிதர்களோடு சேர்ந்தே வேலை மாறுகின்றன.

மோசில்லாவிலிருந்து இளைஞர்கள் பிரித்தெடுத்த மெல்லிய உலாவிக்கு முதலில் ஃபீனிக்ஸ் என்று பெயர். அந்தப் பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரியது. ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுத்தள மென்பொருள் இருந்தது. கடைசியில் ஃபயர்பாக்ஸ். 2004 நவம்பர் 9 அன்று அதன் 1.0 பதிப்பு வந்தபோது உலகில் பெரும்பாலோர் எக்ஸ்ப்ளோரரில்தான் இருந்தார்கள். 2001இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு அப்படியே கிடந்தது; டேப் கிடையாது, பாதுகாப்பு ஓட்டைகளோ ஏராளம். அதனால் ஆட்கள் வீடு மாறினார்கள். பயனர்கள் சுமார் 10,000 பேர் பணம் போட்டு, அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரமே கொடுத்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் 10 கோடி தரவிறக்கம்.

தமிழர்களும் மாறினார்கள், ஆனால் அது சுலபமாக இருக்கவில்லை. வலைப்பூக்கள் பெருகிய அந்த ஆண்டுகளில் இருபுறமும் சீராக்கிய தமிழ்ப் பத்தியை ஃபயர்பாக்ஸ் உடைத்துக் காட்டும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறும். அதே பக்கம் எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் தெரியும். ஆனாலும் நம்மவர்கள் கைவிட்டுவிடவில்லை. 'தமிழா!' குழுவின் முகுந்த், உலாவிக்குள்ளேயே தமிழ் தட்டச்ச 'தமிழ்விசை' நீட்சியை எழுதினார். சிதறல் நோய் 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸின் மூன்றாம் பதிப்பில் தீர்ந்தது. அது ஒரே நாளில் 80 லட்சம் தரவிறக்கம் கண்டு கின்னஸில் ஏறிய பதிப்பு.

ஆட்கள் வெளியேறுவதைக் கண்ட மைக்ரோசாஃப்ட், ஐந்தாண்டு உறக்கம் கலைந்து 2006இல் எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பைத் தந்தது, டேபோடு. கூகுளில் உலாவி முயற்சியை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. குரோம் என்ற அந்த உலாவி 2008 செப்டம்பர் 2இல் வெளிவந்தது. ஆனால் அதை விளக்கும் படக்கதைப் புத்தகம் தவறுதலாக ஒரு நாள் முன்பே தபாலில் போய்ச் சேர்ந்து குட்டு வெளிப்பட்டுவிட்டது. குரோமில் டேப் உச்சியில் ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு டேபும் தனித்தனியாக ஓடுவதால், ஒன்று முடங்கினாலும் மற்றவை பிழைக்கும்.

தமிழில் அதற்குப் பெயர் வைத்தவர்கள் ஒரே பெயரில் நிற்கவில்லை. ஃபயர்பாக்ஸில் அது 'கீற்று'. தென்னங்கீற்றைப் போல ஒன்றன் பக்கத்தில் ஒன்று. குரோமில் 'தாவல்' என்றார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால். ஒரு சொல் வடிவைப் பார்த்தது, மற்றது செயலைப் பார்த்தது. இரண்டுமே நல்ல சொற்கள்.

உலாவியின் பெயரே தமிழில் அமைந்ததும் நடந்தது. சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோ நிறுவனம் 2023 மே மாதம் 'உலா' என்ற உலாவியை வெளியிட்டது. நாராயணவனத்திலிருந்து புத்தூர் வழியாகப் போனால் வரும் ரேணிகுண்டாவிலும் அந்த நிறுவனத்துக்கு அலுவலகம் உண்டு. குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மேலேயே கட்டப்பட்டது உலா. ஆனால் நம்மைப் பின்தொடரும் உளவு நிரல்களைத் தடுப்பதைத் தன் முதல் வேலையாக வைத்திருக்கிறது. மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் அதற்கு முதல் பரிசாக 1 கோடி ரூபாய் கிடைத்தது. பிரம்மோற்சவத்தில் பெருமாள் வாகனமேறி மாடவீதியில் வருவதற்கு நாம் வைத்திருக்கும் சொல் இன்று கணினித் திரையில் ஏறியிருக்கிறது.

இந்த நெடும் பயணத்தில் டேபை யாரும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியவில்லை. ஒருவர் செய்தார், இன்னொருவர் பார்த்துச் செய்தார். ஆனால் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது, இருந்த உலாவியை விட்டு வேறொன்றுக்கு மாறிய சாதாரணப் பயனர்கள்தான். அவர்கள் மாறாதிருந்தால் எக்ஸ்ப்ளோரர் விழித்திருக்காது. ஆகவே உங்கள் கணினியோடு வந்த உலாவியே கதி என்று இருந்துவிடாதீர்கள். இன்றைக்கு வேறொன்றை நிறுவி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஒரு வாரம் பழகிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பழையதற்கே திரும்பலாம். அதைத் தேர்ந்தெடுத்தவர் நீங்களாக இருப்பீர்கள்.